வரிசையாக 13 கோடி ஒன்றுகள்: ஒரு பெரிய பகா எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதாவது 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். விரித்து எழுதினால் 8816 என்று தொடங்கி 551 என்று முடியும்; நடுவில் கிடக்கும் இலக்கங்களையும் சேர்த்து மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். இது பகா எண்தான் என்று 2024 அக்டோபர் 12 அன்று உறுதியானது. 21-ஆம் தேதி அறிவித்தார்கள்.

இதுபோன்ற எண் ஒன்று செய்தியில் அடிபடும்போதெல்லாம் மூன்று பேச்சுகள் கூடவே கிளம்பும். உலகின் மிகப்பெரிய பகா எண் இதுதான். கணினி இதை எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. வங்கிக் கணக்குகளுக்கு இனி இதுதான் பூட்டு. மூன்றும் தவறு. ஏன் தவறு என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த எண்ணின் உண்மையான குணம் தெரிந்துவிடும்.

நாற்காலி வரிசை

12 நாற்காலிகளைச் சமமான வரிசைகளாகப் போடலாம்: மூன்று வரிசையில் நான்கு, இரண்டு வரிசையில் ஆறு. 13 நாற்காலிகளை அப்படிப் போட முடியாது. ஒரே நீள வரிசையாகப் போடலாம், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம், அவ்வளவுதான். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1-ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். வரிசையாகப் பிரியும் மற்றவை பகு எண்கள். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுப்பது அதன் காரணி.

பார்வைக்குப் பகா எண் போலத் தெரிவதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 91-ஐப் பாருங்கள். இரட்டை எண் அல்ல, 3-ஆல் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. ஆனால் 7 × 13. இந்த 91-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி வரும்.

"மிகப்பெரிய" என்ற சொல்லுக்கு முன்னால்

"தெரிந்தவற்றில்" என்ற ஒரு சொல் அங்கே வேண்டும். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். உங்களிடம் இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி 1-ஐக் கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணை உங்களிடம் உள்ள எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அதன் காரணியாக உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் இருந்தே ஆக வேண்டும்.

இங்கே பலர் வழுக்கிவிடுகிறார்கள். பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதே பகா எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. இது 59 × 509. யூக்ளிட் சொன்னது, புதிய பகா எண் ஒன்று உண்டு என்பதை மட்டுமே. அது இதுதான் என்று கையில் எடுத்துக் கொடுக்கவில்லை.

பெரிய எண்களை நோக்கிப் போகப் போகப் பகா எண்கள் அரிதாகும். 100-க்குள் 25 இருக்கின்றன. நம் 4 கோடி இலக்க எண்ணின் அக்கம்பக்கத்தில் சராசரியாக 9 கோடியே 45 லட்சம் எண்களுக்கு ஒன்றுதான் பகா எண். அரிது என்றாலும் தீர்ந்துபோவதில்லை. 1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் ஒரு பகா எண்ணாவது உண்டு என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆக, இந்த எண்ணைவிடப் பெரிய பகா எண் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாவிட்டாலும், எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதுவரை: பகா எண்களுக்கு முடிவில்லை, மிகப்பெரியது என்று ஒன்று கிடையாது, நம் கையில் அகப்பட்டவற்றில் பெரியது என்று ஒன்று உண்டு.

அளந்து பார்ப்போம்

எண்ணை விரித்து எழுதாமலேயே இலக்கங்களை எண்ணிவிடலாம். 2-ஆல் ஒரு முறை பெருக்கினால் எண்ணின் நீளம் சராசரியாக 0.30103 இலக்கம் கூடும். 13,62,79,841-ஐ 0.30102999566-ஆல் பெருக்கினால் 4,10,24,319.9 வரும். அதை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தினால் 4,10,24,320. தசமத்தில் இத்தனை இடம் ஏன் என்றால், 0.30103 என்று முடித்துக்கொண்டால் விடை ஒன்று கூடிவிடும்.

கடைசி இலக்கம் இன்னும் எளிது. 2, 4, 8, 16, 32 என்று போகும்போது கடைசி இலக்கங்கள் 2, 4, 8, 6 என்று நான்குக்கு ஒரு முறை திரும்பும். 136279841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2¹³⁶²⁷⁹⁸⁴¹-இன் கடைசி இலக்கம் 2, ஒன்றைக் கழித்தால் 1.

விநாடிக்கு ஓர் இலக்கம் என்று ஊண் உறக்கமின்றி வாசித்தால் 474 நாள் தாண்டும். சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் 41 மெகாபைட், ஒரு சில நிமிட வீடியோ அளவு. வாய்க்குத்தான் பெரிய எண். கணினிக்குச் சேமிப்பு ஒரு பொருட்டே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

வகுத்துப் பார்ப்பது ஏன் நடக்காது

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கப் பள்ளியில் சொல்லித்தரும் முறை, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 91-க்கு 2, 3, 5, 7 போதும். நம் எண்ணின் வர்க்கமூலமே 2 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. காணக்கூடிய அண்டத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை எழுத ஏறத்தாழ 80 இலக்கங்கள் போதும் என்கிறார்கள். ஒவ்வோர் அணுவும் ஒரு கணினியாக மாறி வேலை செய்தாலும் இந்த வகுத்தல் தொடங்கிய இடத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் வகுக்காமல் எப்படிச் சொன்னார்கள்? விடை எண்ணின் அளவில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

எல்லாம் ஒன்று

கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதும். இதுவே இரும முறை. பத்தடிமான முறையில் 1000 − 1 = 999 என்று எல்லாம் ஒன்பதாவதுபோல, இரும முறையில் 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் எல்லாம் ஒன்றாகும். 7 என்பது 111. 31 என்பது 11111. நம் எண் என்பது வரிசையாக 13,62,79,841 ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்ஜியம்கூடக் கிடையாது.

2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்து வருபவை மெர்சென் எண்கள். மரேன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. அவற்றில் பகா எண்ணாக இருப்பவை மெர்சென் பகா எண்கள்: 3, 7, 31, 127, 8191...

அடுக்கு, அதாவது எத்தனை இரண்டுகளைப் பெருக்குகிறோம் என்ற எண், பகு எண்ணாக இருந்தால் மெர்சென் எண்ணும் பகு எண்தான். காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு ஒன்றுகளை மூன்று மூன்றாக வெட்டுங்கள்: 111 111. இது 111 × 1001. ஆகவே ஆறு ஒன்றுகள் கொண்ட 63, மூன்று ஒன்றுகள் கொண்ட 7-ஆல் வகுபடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் இப்படிச் சமமாக வெட்ட முடியாது.

ஆனால் வெட்ட முடியாவிட்டால் பகா எண் என்று முடிவு கட்டக் கூடாது. 11 பகா எண்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89. மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலே இதில் சறுக்கியது. 67, 257 என்ற அடுக்குகளைத் தவறாகச் சேர்த்திருந்தார். 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். 2⁶⁷ − 1 பகு எண் என்று எடுவார் லூக்கா 1876-இல் காட்டியபோதும் அதன் காரணிகள் யாருக்கும் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டினார். விடை 147573952589676412927. அதுவே 2⁶⁷ − 1.

காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்ல முடியுமா என்று தோன்றலாம். முடியும். பெரிய எண்களின் உலகத்தில் அதுதான் வழக்கம். ஓர் எண் உடையும் என்று அறிவதும், எங்கே உடையும் என்று அறிவதும் வேறு வேறு வேலைகள். முதலாவது சுலபம், இரண்டாவது கடினம். இணையப் பாதுகாப்பின் ஒரு முக்கியப் பகுதி இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

மெர்சென் எண்ணுக்குக் காரணி இருந்தாலும் அது கண்டபடி இருக்காது. அடுக்கின் இருமடங்கை எடுத்து, அதன் ஏதோ ஒரு மடங்கோடு 1-ஐக் கூட்டியதாகத்தான் இருக்கும். 11-க்கு இருமடங்கு 22. 22 + 1 = 23, 88 + 1 = 89. நம் எண்ணுக்கு இது 27,25,59,682-இன் மடங்கோடு 1. அதைவிடச் சிறிய எதையும் முயல வேண்டியதே இல்லை. பெரிய சோதனைக்கு முன்பு இப்படிப்பட்ட எண்களால் கொஞ்ச தூரம் வகுத்துப் பார்த்தே பல அடுக்குகளைக் கழித்துவிடுகிறார்கள்.

இதுவரை: இரும முறையில் எல்லாம் ஒன்றாக இருப்பவை மெர்சென் எண்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது.

சோதனை

லூக்கா தொடங்கி 1930 வாக்கில் டெரிக் லேமர் செம்மைப்படுத்திய இந்த முறைக்கு லூக்கா–லேமர் சோதனை என்று பெயர். அதற்கு முன் ஒரு சின்ன அடிப்படை. கடிகாரத்தில் 9 மணிக்கு 7 மணிநேரம் கழித்து 16 என்று சொல்லாமல் 4 என்கிறோம். பன்னிரண்டை விட்டுவிட்டு மீதியை மட்டும் பார்க்கிறோம். இப்படி மீதியோடு மட்டும் கணக்குப் போடுவது மட்டு எண்கணிதம்.

செய்முறை இதுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கில் இரண்டு குறைவான தடவைகள் செய்து முடித்ததும் மீதி 0 என்றால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண்.

31-க்கு அடுக்கு 5. ஆகவே மூன்று தடவை.
4 × 4 − 2 = 14.
14 × 14 − 2 = 194; 31-ஆல் வகுத்தால் மீதி 8.
8 × 8 − 2 = 62; மீதி 0. பகா எண்.

2047-க்கு ஒன்பது தடவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசி பூஜ்ஜியம் இல்லை. 23-ம் 89-ம் எங்கேயும் தலைகாட்டவில்லை, ஆனாலும் எண் பகு எண் என்று தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனை ஏன் பலிக்கிறது என்பதன் முழு நிரூபணம் தொடக்கநிலைக்கு அப்பாற்பட்டது. வேர் மட்டும் இது: நம் எண்ணோடு 1-ஐக் கூட்டினால் வருவது சுத்தமான 2-இன் அடுக்கு. அண்டை வீட்டு எண்ணின் காரணிகள் முழுக்கத் தெரிந்திருந்தால், இந்த எண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்ல வழி இருக்கிறது. ஏதோ ஒரு 4 கோடி இலக்க எண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எந்த எண்ணுக்கும் பொருந்தும் நிச்சயமான, கொள்கையளவில் வேகமான சோதனையைக் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் 2002-இல் தந்தார்கள். கோட்பாட்டில் பெரிய சாதனைதான். ஆனால் இத்தனை கோடி இலக்கங்களுக்கு அதைக் கொண்டு கணக்குப் போட்டு முடிக்க முடியாது.

எல்லாம் ஒன்றாக இருப்பதால் இன்னொரு லாபம் வகுத்தலில். 4487-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்கவே வேண்டாம். இரண்டிரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டுங்கள்: 44 + 87 = 131; மறுபடி 1 + 31 = 32. அதுதான் மீதி. எல்லாம் ஒன்பதாக இருக்கும் எண்ணுக்குப் பத்தடிமானத்தில் நடப்பது, எல்லாம் ஒன்றாக இருக்கும் எண்ணுக்கு இருமத்தில் நடக்கும். மேலே வந்த 194 இருமத்தில் 11000010. ஐந்தைந்தாக வெட்டினால் 110, 00010. அதாவது 6 + 2 = 8. உலகிலேயே செலவு அதிகமான வகுத்தல் வெறும் வெட்டிக் கூட்டலாகச் சுருங்கிவிடுகிறது. சாதனைப் பட்டியலில் பெரும்பாலும் மெர்சென் எண்களே உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். பகா எண்கள் அங்கே மட்டும் விளைவதில்லை. அங்கேதான் நம்மால் சுலபமாக அறுவடை செய்ய முடிகிறது.

எங்கே பிசகும்

நம் எண்ணுக்கு 13,62,79,839 தடவை வர்க்கம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 4 கோடி இலக்கம் வரை போகும் எண். நடுவில் ஒரே ஓர் இரும இலக்கம் பிறழ்ந்தாலும் அதற்குப் பிந்திய அத்தனையும் குப்பை. நினைவகச் சில்லில் சிறு கோளாறு, அதிகச் சூடு, செயலியை அளவுக்கு மீறி வேகமாக ஓட்டுவது, எது வேண்டுமானாலும் இதற்குக் காரணமாகலாம்.

பிழையின் விளைவு ஒரே பக்கம்தான் சாயும் என்பதைக் கவனியுங்கள். குப்பையாகிவிட்ட கணக்கு தற்செயலாகப் பூஜ்ஜியத்தில் போய் முடிவது ஏறக்குறைய நடக்காத காரியம். பெரும்பாலும் பூஜ்ஜியமல்லாத ஏதோவொன்றில்தான் முடியும். ஆகவே போலிப் பகா எண் அறிவிக்கப்படும் என்ற பயத்தைவிட, உண்மையான பகா எண் பகு எண் என்று பதிவாகித் தொலைந்துபோகும் என்ற பயமே பெரிது. எண்களை இருமுறை சோதிப்பது இதற்காகவே.

இப்போது முதல் கட்டமாக வேறொரு சோதனையை ஓட்டுகிறார்கள். 3-ஐ, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுப்பது. மீதி 1 வராவிட்டால் நிச்சயம் பகு எண். 1 வந்தால் பகா எண்ணாக இருக்க மிகுந்த வாய்ப்பு, ஆனால் உறுதி இல்லை. நம் 91 இந்தச் சோதனையில் தேறிவிடும்: 3⁶ = 729 = 8 × 91 + 1 என்பதால் 3⁹⁰-க்கும் மீதி 1. சிறு எண்களிடையே இப்படிப் போலிகள் உண்டு. 2-ஐ வைத்துச் சோதிக்காததற்கும் காரணம் இருக்கிறது. அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களும் 2-இடம் தேறிவிடும், 2047 உட்பட. எல்லோரையும் பாஸ் போடும் தேர்வால் என்ன பயன்? கணக்கு நடுவழியில் பிசகினால் உடனே காட்டிக்கொடுக்கும் வலுவான சரிபார்ப்பு இந்த முறைக்கு இருப்பதால் இதை விரும்புகிறார்கள்.

2024-இல் நடந்தது இந்த வரிசையில்தான். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, தன்னார்வலர்களின் கணினிகளை ஒன்றுசேர்க்கும் ஜிம்ப்ஸ் திட்டத்தில், லூக் டுரான்ட் 17 நாடுகளில் மேகக் கணினி மையங்களின் வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒன்று அக்டோபர் 11-இல் "இருக்கக்கூடும்" என்றது. மறுநாள் டெக்சஸில் இருந்த இன்னொன்று லூக்கா–லேமர் சோதனையை முடித்துப் பூஜ்ஜியம் காட்டியது. பிறகு வேறு மென்பொருள்கள், வேறு வன்பொருள்கள் கொண்டும் சரிபார்த்தார்கள்.

இயந்திரம் பிசகாவிட்டாலும் மனிதர் கோட்டைவிடலாம். 2⁷⁴²⁰⁷²⁸¹ − 1 பகா எண் என்று ஒரு கணினி 2015 செப்டம்பரிலேயே தெரிவித்துவிட்டது. அதை ஆட்கள் கவனித்தது 2016 ஜனவரியில்.

பூட்டுக்கு உதவுமா?

உதவாது. இணையப் பரிமாற்றங்களில் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை வெளியே காட்டி, காரணிகளை ஒளித்துவைப்பார்கள். வழக்கமான அளவில் அந்தப் பகா எண்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 309 இலக்கங்கள். கணினி தானாகவே கணப்பொழுதில் உருவாக்கிக்கொள்ளும். அங்கே முக்கியம் ரகசியம். ஊருக்கெல்லாம் தெரிந்த எண்ணைச் சாவியாக வைப்பது, பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பது போல. தவிர, 4 கோடி இலக்கத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் கைப்பேசியும் வேகமாக ஓடாது.

அளவான மெர்சென் பகா எண்ணுக்கு வேலை உண்டு. 2⁵²¹ − 1-ஐ அடிப்படையாகக் கொண்ட ஒரு மறையாக்க முறை தரப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கே எண் வெளிப்படையானது, ரகசியம் வேறு இடத்தில். வெட்டிக் கூட்டும் வித்தை அங்கேயும் கைகொடுக்கிறது. ஜிம்ப்ஸ் தேடலின் மென்பொருளுக்கு இன்னொரு பயன்: செயலியை வறுத்தெடுத்து அது தாங்குமா என்று சோதிப்பது. 2016 ஜனவரியில் இன்டெல் தன் ஸ்கைலேக் செயலியில் ஒரு கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டது, இந்த மென்பொருள் ஓடும்போது கணினிகள் உறைந்துபோனதால்தான்.

கணிதத்துக்குக் கிடைத்த உபரி, ஒரு புதிய செவ்விய எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானாகவே இருப்பது செவ்விய எண்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஓர் இரட்டைச் செவ்விய எண்ணைத் தரும்; இந்த முறை வந்தது 8,20,48,640 இலக்கங்கள் கொண்டது. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாதவையா என்பது மட்டும் இன்னும் நிறுவப்படாத கேள்வி. நமக்குத் தெரிந்தவை 52.

ஒரு மாலைப்பொழுதுக்கு

சாதாரணக் கால்குலேட்டர் போதும். 2¹³ − 1 = 8191 பகா எண்ணா என்று பாருங்கள். அடுக்கு 13, ஆகவே பதினொரு தடவை. பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடங்களில்: 2-ஐக் கழிக்க மறப்பது, தொடக்கத்து 4-ஐயும் ஒரு தடவையாக எண்ணிவிடுவது. வர வேண்டியவை: 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, 128. பத்தாவது தடவையில் 128 வந்துவிட்டால் இனிக் கால்குலேட்டரை மூடிவைக்கலாம். 128-இன் வர்க்கம் 16384. இரண்டைக் கழித்தால் 16382. சரியாக இரண்டு 8191.